மும்பைத் தமிழரின் மொய்க் கணக்கு

திருமணத்திற்குச் செல்வோர் வெறுங்கையோடு செல்வதில்லை. இவ்வழக்கம் தமிழகம் முழுவதற்கும் பொதுவானது. பாரத நாடு முழுவதற்குமே பொதுவானது எனலாம். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது சீமைக்குச் சீமை வேறுபடும். ஓர் ஊரில் நூறு ரூபாய் எழுதியவரை மதிப்போடு வழியனுப்புவர். மற்றோர் ஊரில் அதே உறவினர் ஆயிரம் எழுதாவிடில் முகம் சுளிப்பர். இதனைக் கண்டோர் சிலர், ‘அவ்வூரார் தாராள மனத்தினர், இவ்வூரார் கைம்முடக்கர்’ என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்புப் பொருந்துமா என்று ஆராய்வதற்கு மும்பை மாநகரைப் போல் ஏற்ற இடம் பிறிதொன்று இல்லை. நெல்லைச் சீமையாரும், தஞ்சையாரும், பாலக்காட்டாரும், மதுரையாரும் அங்கே அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். ஒருவர் வீட்டு மணத்திற்கு ஒருவர் சென்று, ஒருவர் கணக்கை ஒருவர் கண்டு வியந்தனர்.

‘மொய்’ என்னும் சொல்லை முதற்கண் நோக்குவோம். மலரை வண்டு மொய்க்கிறது. திருவிழாவில் மக்கள் மொய்க்கின்றனர். நெருங்கிக் கூடுதல் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, திருமணம் முதலிய சிறப்பு நாள்களில் அளிக்கும் நன்கொடையையும் இச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தருகிறது. பலர் கூடித் தருவதாகலின் மொய் ஆயிற்று என்று கொள்வது பொருத்தமே. ஒருவர் தனித்துத் தருவது பரிசு. ஊர் கூடித் தருவது மொய்.

எனினும் இந்த ஒரு பெயரின் கீழ் வெவ்வேறு வழக்கங்கள் அடங்கிக் கிடக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும், அவற்றை அடுத்த தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் ‘மொய் விருந்து’ என்றொரு வழக்கம் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் இறைச்சி விருந்திட்டு, வந்தோரிடம் மொய் வாங்குவர். திருமணம் நடைபெற வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஒரு குடும்பம் ஒருமுறை விருந்து வைத்தால், மறுமுறை வைக்கச் சுமார் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கிய மொய்யை ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பி எழுத வேண்டும். வாங்கியதற்கு மேலும் சிறிது சேர்த்தே எழுத வேண்டும். 2019ஆம் ஆண்டில் வடகாட்டில் நடந்த ஒரு விருந்தில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய் சேர்ந்தது என்று நாளேடுகள் எழுதின. கேட்போர்க்கு மலைப்புத் தோன்றும். ஆயினும் அத்தொகை ஈகையன்று, வட்டியில்லாக் கடன். முன்னர்ப் பல ஆண்டுகளாகத் தாம் எழுதியது திரும்பி வருவதும், இனிப் பல ஆண்டுகள் தாம் எழுத வேண்டியது முன்னரே வந்து சேர்வதும் அதில் அடக்கம்.

மதுரை, தேனிப் பக்கங்களில் இதனைச் ‘செய்முறை’ என்பர். அங்கே தாய்மாமனுக்கே முதலிடம். அவர் செய்ய வேண்டியது இன்னதென்று முறை வகுத்திருக்கிறது. மற்றையோர் மொய்யை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறிவிப்பதும் உண்டு. கொங்கு நாட்டிலோ, இடருற்ற ஒரு குடும்பம் விருந்து வைக்க, உண்டோர் இலையடியில் தம்மால் இயன்ற பணத்தை வைத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. 1992இல் வெளிவந்த ‘சின்னக் கவுண்டர்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நெல்லைச் சீமையில் மணமகனுக்கு உறவினர் அளிக்கும் பணத்தைச் ‘சுருள்’ என்பர். வெற்றிலைச் சுருளை நினைவூட்டும் பெயர் அது. செட்டிநாட்டில் மொய்ப்பணத்தின் தொகை சிறிது. பங்காளிகள் பெயர் ஒன்றும் விடாது எழுதப்படுவதே பெரிது. அந்தணர் இல்லங்களில் ‘ஓதியிடுதல்’ என்னும் முறை உண்டு. கொடுப்பவர் இன்னார், இன்ன உறவினர் என்பதைப் புரோகிதர் சபையறியச் சொல்லி மந்திரத்தோடு வழங்குவார்.

ஆக, மொய் என்பது ஓரிடத்தில் கடன், ஓரிடத்தில் உறவின் கடமை, ஓரிடத்தில் ஆசி. கடனாயின் தொகை பெருகும். கடமையாயின் உறவின் நெருக்கத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் நிற்கும். ஆசியாயின் ஒரு ரூபாயும் போதும். தாராளம், கைம்முடக்கு என்னும் சொற்களுக்கு இங்கே இடம் குறைவு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டில் கொடையைப் பற்றி எழுதிய கட்டுரையில், கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் என்னும் மூன்றும் கட்டாயக் கடப்பாடுகள் என்று காட்டினார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இஃது ஒரு புதிய செய்தியாக இராது.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1995ஆம் ஆண்டில் மும்பை என்று பெயர் மாறும் வரை நம்மவர் பம்பாய் என்றே அந்நகரை வழங்கினர். சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் புறப்பட்ட இருப்புப்பாதைகள் 1871இல் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் தென்னாட்டார் அந்நகருக்குச் செல்வது எளிதாயிற்று. தாராவி அப்போது கோலி மீனவரின் குடியிருப்பு. 1909இல் வெளிவந்த பம்பாய் நகர கெஜட்டியர், தீவின் பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் கூடங்கள் எழுந்தன. பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடத்திலிருந்து பச்சைத் தோல் எளிதில் கிடைத்தமை அதற்கு வாய்ப்பாயிற்று. அக்கூடங்களின் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் வந்தனர். பின்னர் நாடார், தேவர், கோனார் முதலிய பல சமூகத்தாரும் வந்து சேர்ந்தனர். ஒருவர் வந்து காலூன்றியபின் தம் ஊராரை அழைத்துக்கொண்டார். அதனால் ஒரு சந்து முழுவதும் ஒரே ஊரார் வாழும் நிலை தாராவியில் உண்டாயிற்று.

அவர்களுக்குக் கடன் எங்கே கிடைத்தது? இக்கேள்வியிலேயே மொய்யின் வரலாறு அடங்கியிருக்கிறது. சேற்று நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களை வங்கிகள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அடகுக் கடைக்குக் கொண்டு செல்லப் பொன் வேண்டும். தடியூன்றி வந்து வட்டி கேட்கும் பட்டாணியரிடம் வாங்கினாலோ மீள்வது அரிது. 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், இந்தியத் தொழிலாளருள் பெரும்பாலோர் கடன்பட்டவர் என்று கூறி, அக்கடனுக்குரிய காரணங்களுள் திருமணச் செலவை முதன்மையாகக் குறிப்பிட்டது. கமிஷன் கண்டது கடன் வாங்கும் பக்கத்தை. அக்கடனின் ஒரு பகுதியைத் தீர்க்க மக்கள் தமக்குள்ளே வைத்திருந்த வழி மொய். அதற்கு வட்டி இல்லை, ஈடு இல்லை, எழுதிய நோட்டும், திருப்பித் தராவிடில் வரும் தலைகுனிவுமே அதற்குப் பிணை.

ஏலச்சீட்டும் மொய்யும் தாராவியில் இரட்டை மாடுகள் போல் நடந்தன. மணநாள் குறித்ததும் சீட்டை எடுப்பர். அப்பணத்தில் நகையும் துணியும் வாங்குவர். மணம் முடிந்ததும் மொய் நோட்டைக் கூட்டிப் பந்தற்காரருக்கும் மளிகைக் கடைக்கும் கொடுப்பர். எஞ்சியது சீட்டுத் தவணைக்குப் போகும். கல்வி மிகுந்தவர் பலர் இதனைக் கண்டு நகைத்ததுண்டு. எழுதப்படிக்கத் தெரியாத குடும்பத்திலும் ஒரு நோட்டு மட்டும் தகரப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்ததை எண்ணும்போது, நமக்கு நகைப்புத் தோன்றவில்லை.

ஆயினும் சிக்கல் ஒன்று எழுந்தது. ஊரில் இருந்தவரைக்கும் எல்லோருக்கும் ஒரே முறை. தாராவியிலோ அடுத்த வீட்டார் வேறு மாவட்டத்தார். அவர் முறை வேறு. நெல்லைக்காரர் தம் வழக்கப்படி சிறு தொகை எழுதினார். பின்னர் அவர் வீட்டு மணத்திற்கு வந்த மதுரைக்காரர் எவ்வளவு எழுதுவது? தம் ஊர் வழக்கப்படி எழுதினால் நெல்லைக்காரர் தலையில் சுமை ஏறும். நெல்லை வழக்கப்படி எழுதினால் தம் ஊரார் முன் தமக்கே சிறுமையாகும். இதற்குப் பஞ்சாயத்தார் விதி ஒன்றும் வகுக்கவில்லை. பழக்கமே விதி வகுத்தது. முதலில் மணம் முடித்த வீட்டில் எழுதப்பட்ட தொகையே அவ்விரு குடும்பத்திற்கும் அளவுகோலாயிற்று. ஊர் விகிதம் மறைந்து, குடும்பத்திற்குக் குடும்பம் தனி விகிதம் ஏற்பட்டது. நோட்டு இல்லாமல் இதனை நினைவில் வைத்திருக்க யாரால் இயலும்? எனவே ஊரில் சில குடும்பங்கள் கைவிட்ட மொய் நோட்டு, தாராவியில் முன்னைவிட இன்றியமையாததாயிற்று.

மற்றொரு சுமையும் உண்டு. தாராவிவாசிக்கு இரண்டு கணக்குகள். கோடை விடுமுறையில் ஊரில் தாலி கட்டுவர். திரும்பிவந்து தாராவியில் வரவேற்பு வைப்பர். ஊர் மொய் ஒரு நோட்டு. சந்து மொய் ஒரு நோட்டு. நேரில் செல்ல விடுப்புக் கிடைக்காதவர் மணியார்டர் அனுப்பினார். வராதவர் பெயரையும் ஊரார் நோட்டில் எழுதி, ‘பம்பாய்’ என்று பக்கத்தில் குறித்தனர். ஊரை விட்டு நீங்கி இருபது ஆண்டு ஆனவனும் அந்த ஒரு வரியால் ஊரானாகவே நின்றான். மணியார்டருக்குரிய கமிஷன் அதற்குக் கொடுத்த விலை. அதிக விலை என்று நாம் சொல்ல மாட்டோம்.

தாராவியிலிருந்து இருப்புப்பாதையைக் கடந்தால் மாதுங்கா. நடந்தே செல்லும் தூரம்தான். ஆனால் மொய்க் கணக்கில் அது வேறு நாடு.

1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. அதன் விளைவாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு, நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாதுங்காப் பகுதிகளில் மனைகள் வகுத்தது. அங்கே எழுந்த வீடுகளில் தஞ்சை, பாலக்காடு முதலிய இடங்களிலிருந்து வந்த எழுத்தர்களும், சுருக்கெழுத்தாளர்களும், கணக்கர்களும் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபை என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைப்புகளைக் கண்டனர். மாதச் சம்பளம் பெற்ற இவர்களுக்கு வங்கிக் கணக்கும், சேமநிதியும், அலுவலகக் கூட்டுறவுச் சங்கக் கடனும் இருந்தன. மகள் திருமணத்திற்குச் சேமநிதியிலிருந்து முன்பணம் பெறலாம். ஆகவே மொய் கடனாக இயங்க வேண்டிய தேவை இங்கே இல்லாமற் போயிற்று. ஓதியிடுதல் மட்டும் நெருங்கிய உறவினர் அளவில் நின்றது. அம்மானும் அத்தையும் முறைப்படி இட்டனர். நண்பர்கள் பொருளாகக் கொடுத்தனர்.

அப்பொருளைப் பற்றி இங்கே சிறிது பேச வேண்டும். வெண்கலமும் பித்தளையும் கொடுத்த காலம் போய், எவர்சில்வர் பாத்திரம் வந்தது. டம்ளர், டவரா, தூக்கு, குடம் என்று வாங்கி, அதன் விளிம்பிலோ வயிற்றிலோ பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். கடை வாயிலில் அமர்ந்து சிறு கருவியால் புள்ளி புள்ளியாக எழுத்துப் பொறிப்பவரைக் காணாதவர் நம்முள் இலர். கொடுப்பவர் பெயர், நாள், சில வேளைகளில் மணமக்கள் பெயர் ஆகியவை அதில் இருக்கும். மாதுங்கா மக்கள் தாம் மொய் நோட்டு வைப்பதில்லை என்று சற்றுப் பெருமையாகச் சொல்வர். நாம் கேட்பது, அப்பாத்திரங்கள் நோட்டு அல்லாமல் வேறென்ன என்பதே. சமையலறைப் பரணில் அடுக்கி வைத்த குடமும் தூக்கும் நாற்பது ஆண்டுக்குப் பின்னும் யார் என்ன கொடுத்தார் என்பதைச் சொல்லும். தாராவி நோட்டிலே தொகை தெரியும், பொருள் தெரியாது. மாதுங்காப் பாத்திரத்திலே பொருள் தெரியும், விலை மட்டும் எழுதப்படவில்லை. அந்த ஒரு மறைப்பினால்தான் அது ‘அன்பளிப்பு’ என்னும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. ஒருவர் கொடுத்த பாத்திரத்தைப் பெயரை மறந்து அவருக்கே திருப்பிக் கொடுத்த கதை மாதுங்காவில் பல வீடுகளில் வழங்கும். நடந்ததோ, கட்டியதோ, யாம் அறியோம்; சிரிப்பு மட்டும் உண்மை.

நேரில் வராதவர் வாழ்த்துத் தந்தி அடித்தனர். தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்திருந்தனர். எண்ணைச் சொன்னால் வாழ்த்து ஊர் போய்ச் சேரும். மணப்பந்தலில் தந்திகளைப் படிப்பது ஓர் அங்கமாகவே நடந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது.

செம்பூரின் நிலை இவ்விரண்டிற்கும் வேறானது. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைந்தது. அதே காலத்தை ஒட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், பின்னர் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. அங்கே வேலைக்கு வந்த தமிழர் செம்பூரில் தங்கினர். மாதுங்காவில் இடம் போதாமல் வந்தவரும் உண்டு. 1962இல் செம்பூர் நுண்கலைக் கழகம் தோன்றியது. செட்டா நகரில் முருகன் கோயில் எழுந்தது. இங்கே அண்டை வீட்டார் ஒரே ஊரார் அல்லர். ஒரே மொழியினரும் அல்லர். பிரிவினைக்குப் பின் வந்த சிந்தியரும், மராத்தியரும், மலையாளிகளும், பஞ்சாபியரும் திருமண விருந்தினராயினர். அவரவர்க்கு அவரவர் முறை. மராத்தியர் தருவது ‘ஆஹேர்’; குஜராத்தியர் தருவது ‘சாந்த்லோ’; வடநாட்டு ஊர்களில் ‘நியோதா’. நியோதாவில் நம் மொய்யைப் போலவே எழுதி வைத்துத் திருப்பும் முறை உண்டு. பஞ்சாப் கிராமம் ஒன்றைப் பற்றி ஜெக்கியே எக்லார் என்னும் அம்மையார் 1960இல் வெளியிட்ட நூலில், அங்கே கணக்கு ஒருபோதும் சமமாகாதபடி மக்கள் பார்த்துக்கொள்வதை விளக்கினார். சமமானால் உறவு முடிந்துவிடும். வாங்கியதற்கு மேல் சிறிது சேர்த்து எழுதும் பேராவூரணி வழக்கத்தின் காரணமும் இதுவே.

இத்தனை முறைகளும் ஒரே மண்டபத்தில் கூடியபோது, யாருக்கும் பொதுவான ஒன்று தேவைப்பட்டது. அதுவே உறை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய வண்ண உறையை மும்பைக் கடைகளில் வாங்கி, பணத்தை உள்ளே வைத்து, மணமகன் கையிலே கொடுத்துவிடுவர். 11, 51, 101 என்று ஒன்று மிகுதியாகக் கொடுப்பது தமிழர்க்கும் மராத்தியர்க்கும் குஜராத்தியர்க்கும் ஒத்த வழக்கம். முழு எண்ணில் நிற்பது முடிவைக் குறிக்கும் என்றும், மேலும் ஒன்று வளர்ச்சியைக் குறிக்கும் என்றும் சொல்வர். முற்காலத்தில் ஒன்றேகால் ரூபாய்க்கு இச்சிறப்பு இருந்தது. அதனை அங்கே ‘சவா ரூபாய்’ என்பர். 1957 ஏப்ரல் முதல் நாள் அணாக் கணக்குப் போய் நயா பைசாக் கணக்கு வந்தபோதும், நாலணா 25 பைசாவாகச் சரியாக மாறியதால் ஒன்றேகாலுக்குத் தீங்கு நேரவில்லை. 2011இல் 25 பைசா நாணயம் செல்லாதாயிற்று. அத்துடன் அதன் காலம் ஏறத்தாழ முடிந்தது.

உறையின் சிறப்பு யாதெனில், உள்ளே இருப்பது சபைக்குத் தெரியாது. அதன் குறையும் அதுவே. செம்பூர் எழுத்தர் இரண்டாண்டில் வேறு நகருக்கு மாற்றலாகலாம். அவரிடம் பெருந்தொகை வாங்கினால் திருப்புவது எங்கே? எனவே தொகை சிறுத்தது. அலுவலகத்தார் கூட்டாகப் பணம் திரட்டி ஒரு கடிகாரமோ, குக்கரோ வாங்கிக் கொடுத்தனர். ‘பரிசுகளைத் தவிர்க்கவும், ஆசியே போதும்’ என்று அழைப்பிதழில் அச்சிடும் நாகரிகமும் மாதுங்கா, செம்பூர் மணங்களிலே பரவியது. மராத்தி அழைப்பிதழ்களில் ஆஹேர் வேண்டா என்னும் வரி உண்டு. அதன் செல்வாக்கும் இதில் இருக்கலாம். அவ்வரியை நம்பி வெறுங்கையோடு சென்றவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இப்போது ஒரு விதி புலனாகிறது. மொய்த் தொகையை நிர்ணயிப்பது செல்வமும் அன்று, மனத்தின் விரிவும் அன்று. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர்க்கொருவர் எட்டும் தூரத்தில் எவ்வளவு காலம் வாழ்வர் என்னும் எதிர்பார்ப்பே அதனை நிர்ணயிக்கிறது. வடகாட்டு விவசாயி தம் நிலத்தை விட்டு எங்கும் போகார். அவரை நம்பி ஆயிரம் பேர் எழுதலாம். தாராவிச் சந்தும் அவ்வாறே. மாற்றலாகிச் செல்லும் அலுவலர் நம்பத்தகாதவர் அல்லர், எட்டாதவர், அவ்வளவே. ஜப்பானிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அந்நாட்டின் பிற பகுதிகளில் நண்பர் ஒருவர் 30,000 யென் உறையில் வைத்துத் தருவது பொது வழக்கம். இரண்டாகப் பிரியாத ஒற்றைப்படை எண்ணாக அது இருக்க வேண்டும் என்பர். வடக்கே ஹொக்கைடோத் தீவிலோ, விருந்தினர் அனைவரும் ஒரே அளவான கட்டணம் செலுத்தி மணவிருந்தில் பங்கு கொள்ளும் முறை வழங்குகிறது. பல மாநிலங்களிலிருந்து குடியேறியவர் வாழும் தீவு அது. பல ஊரார் கூடிய இடத்தில் பொதுவான சிறு அளவு ஒன்று தோன்றுவது நம் செம்பூருக்கு மட்டும் உரியதன்று.

இக்கணக்கில் ரூபாயின் மதிப்புச் சரிவதால் வரும் தொல்லை தனி. 1960களில் எழுதிய ஐந்து ரூபாயை 1980களில் ஐந்து ரூபாயாகத் திருப்பினால் வாங்கியவர் மனம் நோகும். பத்தாகத் திருப்பினாலும் நோகலாம். சேர்த்து எழுதும் வழக்கம் ஓரளவு இதனைச் சரிக்கட்டியது. பிள்ளை இல்லாதவர் நிலை இதனினும் கடிது. அவர் ஆயுள் முழுவதும் எழுதுவார். திரும்பப் பெற விழா ஏது? காதணி விழா, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றிற்குச் சிலர் ஊரைக் கூட்டுவதன் உட்பொருள் இதுவே. அவர்களை ஏளனம் செய்வது எளிது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் தாம் கொடுத்ததையே.

பெண்களின் பங்கையும் கருத வேண்டும். நோட்டிலே எழுதப்படுவது பெரும்பாலும் ஆணின் பெயர். அவன் காலமாகிவிட்டால் நோட்டு மனைவியின் கைக்கு வருகிறது. வரவேண்டிய மொய் மிகுதியாயின், மகள் திருமணத்தில் அதுவே அவளுக்குக் கிடைத்த சொத்து. திருப்ப வேண்டிய மொய் மிகுதியாயின், மாதந்தோறும் வரும் அழைப்பிதழ் ஒவ்வொன்றும் ஒரு கடன் ஓலை. கணவன் யாரிடம் என்ன வாங்கினான் என்பதை நோட்டு இல்லாமல் அவள் அறிய வழியில்லை. ‘எழுதி வை’ என்று கணவனை வற்புறுத்திய மனைவியரின் அறிவை நாம் வியக்க வேண்டும்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? 1958ஆம் ஆண்டின் நன்கொடை வரிச் சட்டம் 1998இல் ஓய்ந்தது. இன்றைய வருமான வரிச் சட்டமும் திருமணத்தின்போது மணமக்கள் பெறும் அன்பளிப்புக்கு வரி விலக்கு அளிக்கிறது. சட்டத்தின் கண்ணில் மொய் கொடை. நோட்டின் கண்ணில் அது கடன். 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டத்தை ஒட்டி 1985இல் விதிகள் வந்தன. மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி, பொருள், அதன் மதிப்பு, தந்தவர் பெயர், உறவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்று அவை விதித்தன. பட்டணத்துப் படித்த குடும்பங்களில் அப்பட்டியலை எழுதியவர் அரியர். எழுதப்படிக்க அறியாத தாராவிக் குடும்பங்கள் ஏறத்தாழ அதே பட்டியலைச் சட்டம் தோன்றுமுன்னரே எழுதி வந்தன.

அண்மைக் காலத்து மாற்றங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதனவானபோது மொய் எழுதுவோர் தவித்தனர். 2021 ஜனவரியில் மதுரை மணமக்கள் இருவர் தம் அழைப்பிதழில் கைபேசி வழியே பணம் செலுத்தும் குறியீட்டை அச்சிட்டது செய்தியாயிற்று. இன்று அது செய்தியன்று. மதுரைப் பக்கம் கணினியில் மொய் எழுதி ரசீது தருகின்றனர். உறையில் மறைந்த தொகை கைபேசியில் மீண்டும் வெளிப்படையாயிற்று. கொடுத்தவர் பெயர், நாள், மணி எல்லாம் தாமே பதிவாகின்றன.

தாராவியில் எழுந்துள்ள கேள்வி இதனினும் பெரியது. 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாறியபின் தோல் தொழில் அங்கே தளர்ந்தது. ஆயினும் மக்கள் சந்தை விட்டு நீங்கவில்லை. 2004இல் தாராவியை மாற்றிக் கட்டும் திட்டத்திற்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிப்படி, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே வீடு. அதற்குப்பின் வந்தோர்க்கும் மாடியில் வாழ்வோர்க்கும் நகரின் வேறு பகுதிகளில் வீடு. ஒரே சந்தில் எதிரெதிர் வாழ்ந்தவர்களுள் ஒருவர் இங்கே இருப்பார். மற்றவர் தொலைவில் இருப்பார். அவர்கள் இருவர் நோட்டிலும் ஒருவர்க்கொருவர் எழுத வேண்டிய மொய் இருக்கும்.

முன்னரே தாராவியை விட்டுக் கல்யாண், நவி மும்பை முதலிய இடங்களுக்குப் போனவர்கள் உண்டு. அவர்களிற் பலர் இன்றும் மின்சார வண்டி ஏறி வந்து, தொண்ணூறடிச் சாலையில் இறங்கி, பழைய அண்டை வீட்டார் மணத்தில் மொய் எழுதிச் செல்கின்றனர். அவர்கள் தாமே சென்றவர்கள். போகுமிடத்தையும் தாமே தேர்ந்தவர்கள். இனிச் செல்ல இருப்போர், பிறர் குறித்த கட்டடத்தில், பிறர் குறித்த மாடியில் குடியேற வேண்டும். அங்கே அவர்களுக்கு எதிர்வீட்டில் அமையப்போகிறவர் நெல்லையாரோ, மதுரையாரோ, மராத்தியரோ, பீகாரியோ தெரியாது. அவ்வீட்டில் முதல் மணம் நடக்கும்போது எவ்வளவு எழுதுவது என்பதை மீண்டும் ஒருவர் முதலில் எழுதித்தான் தொடங்க வேண்டும்.